பதினோராவது குழி

செம்பராம்பட்டிக்கு வந்திறங்கிய குழிவெட்டி எந்திரத்துக்கு இரண்டாம் நாளே ஊர்ப் பெண்கள் ‘மாப்பிள்ளை’ என்று பேர் வைத்துவிட்டார்கள். வெளிநாட்டிலிருந்து வந்தது. ஊரே வேலைவெட்டியை விட்டுவிட்டு அதை வேடிக்கை பார்த்தது. கொஞ்ச நேரம் மண்ணை வெட்டிவிட்டு, யாரோ காப்பித்தண்ணி கொண்டுவரப் போகிறார்கள் என்பதுபோல அப்படியே நின்றுகொண்டது. இதற்கு வேறென்ன பேர் வைப்பது?

ஊருக்கு அது சிரிப்பு. அடைக்கலமேரிக்கு அதுதான் தலைவலி. மண்ணையும் நீரையும் காப்பதற்காகப் பல நாடுகள் சேர்ந்து நடத்திய உதவித் திட்டத்துக்குப் புதுக்கோட்டை மாவட்டத்தில் இருந்த ஒரே பொறியாளர் அவள். எந்திரம் நின்றால் கேள்வி அவளிடம்தான் வரும்.

மாப்பிள்ளை ஆள் உயரம் இருந்தது. இரண்டு கால், இரண்டு கை, கையில் கட்டைப்பிடி மண்வெட்டி. பொட்டலில் சரிவு பார்த்து நடந்து, ஒரு முழ அகலத்துக்குக் குழி வெட்டி, வெட்டிய மண்ணைப் பள்ளத்துப் பக்கம் பிறை போல அணைத்து வைக்கும். ஓடிவரும் மழைநீர் அந்தக் குழியில் விழுந்து தங்க வேண்டும். பத்துக் குழி வெட்டும்வரை அதன் வேகத்தில் குறை சொல்ல முடியாது. பதினோராவது குழியை முடித்ததும் மண்வெட்டியைத் தரையில் ஊன்றி, இரண்டு கையையும் அதன்மேல் வைத்து, இடப்பக்கமாகப் பின்னால் திரும்பி நிற்கும். சில சமயம் அரை நிமிடம், சில சமயம் இரண்டு நிமிடம். பிறகு தானாகக் குனிந்து வேலையைத் தொடங்கும்.

“ஏம்மா மேரி, இதுக்கு யாரு வெட்டக் கத்துக்குடுத்தது?” என்று ஒருநாள் முத்துக்கண்ணு கேட்டாள். நாற்பத்தைந்து வயது. அறுபது ஆடு வைத்திருந்தவள். பொட்டலில் அவளுக்கும் மூன்று ஏக்கர் உண்டு.

“ஆப்பிரிக்காவுல நைஜர்னு ஒரு நாடு இருக்குக்கா. அங்கயும் நம்ம மண்ணு மாதிரிதான், ஓடு மாதிரி இறுகிக் கெடக்கும். அங்க இந்தக் குழிக்குத் தஸ்ஸான்னு பேரு. அத வெட்டுறதுல பெரிய கெட்டிக்காரர் ஒருத்தர் இருக்காரு. எங்க வெட்டணும், எம்புட்டு ஆழம்னு கேட்டா அவருக்கே சொல்லத் தெரியாது. கை அதுவா போவுமாம். அதனால உடம்பு பூரா நுண்ணிழை கோத்த சட்டை ஒண்ணப் போட்டுவிட்டு, ரெண்டு பருவம் வேல செய்யச் சொல்லியிருக்காங்க. கை எப்புடிப் போவுது, கால் எப்புடி வைக்கிறாரு, எல்லாம் பதிவாயிருச்சு. அவரு ஒடம்பு அறிஞ்சத இது அறிஞ்சிருக்கு.”

முத்துக்கண்ணு எந்திரத்தை மேலும் கீழும் பார்த்தாள். “அப்ப நடுநடுவுல நிக்கிறதும் அந்த மனுசன்தானா?”

மேரிக்குச் சுருக்கென்றது. ஒரு வருஷமாக அதை எந்திரத்தின் கோளாறாகவே நினைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த ஒரு வருஷம் நன்றாகப் போகவில்லை. நாற்பத்திரண்டு குடும்பங்கள் மூன்று வருஷத்துக்குத் தங்கள் நிலத்தைத் திட்டத்துக்கு விட்டிருந்தார்கள். முதல் வருஷம் மழையும் பெய்தது, குழிகளிலும் தண்ணீர் நின்றது. ஆனால் நின்ற தண்ணீர் உள்ளே இறங்கவில்லை. மேலே பாசிபோல ஒரு ஏடு கட்டி, வெயிலில் வற்றிப்போனது. குழிக்கு ஒன்றாகப் போட்ட, மாத்திரை போன்ற உரவில்லை அடியில் கரையாமல் கிடந்தது. சோளம் முழங்கால் உயரத்தில் காய்ந்தது. இன்னொரு வருஷமும் இப்படியே போனால் மொத்தப் பொட்டலையும் சூரியத்தகடு போடக் கொடுத்துவிடலாம் என்று ஊர்க்கூட்டத்தில் பேச்சு வந்துவிட்டது.

தலைமை அலுவலகம் ஐரோப்பாவில் இருந்தது. அங்கே திட்டத்தைக் கவனித்த கத்தரீனா நல்ல பெண்மணிதான். ஆனால் அவர் கண்ணில் பட்டது வேறு. “இந்த எந்திரம் ஓடும் ஒன்பது நாடுகளிலும் இந்தத் தாமதக் கோளாறு இருக்கிறது. அதை நீக்கும் மென்பொருளை அனுப்பியிருக்கிறோம். ஜூலை நடுவுக்குள் உங்கள் எந்திரத்தில் ஏற்றிவிடுங்கள். நாளொன்றுக்கு முப்பது குழி கூடுதலாகக் கிடைக்கும்” என்று எழுதியிருந்தார்.

மேரி ஏற்றவில்லை. முத்துக்கண்ணு கேட்ட கேள்வி உள்ளே கிடந்து குடைந்தது. எந்திரம் நின்ற நேரங்களையெல்லாம் எடுத்து வரிசையாகப் பார்த்தாள். வயலின் இடது ஓரத்தில் வேலை தொடங்கும்போது நிற்கும் நேரம் குறைவு. ஓரத்தை விட்டு விலகிப்போகப் போக நேரம் கூடுகிறது. கோளாறு என்றால் அது இப்படி ஒழுங்காகக் கூடிக்கொண்டு போகுமா? நைஜரில் இருந்த கள அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டு, மூன்றாம் நாள் அந்த மனிதரையே திரையில் பிடித்துவிட்டாள்.

அவர் பேர் லவாலி. ஐம்பது வயதிருக்கும். ஒல்லியான, நெடிய மனிதர். பக்கத்தில் பூப்போட்ட முக்காடு போட்ட ஒரு பெண் நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். அவர்கள் பேசிய ஹவுசா மொழியைக் காதுக்கருவி தமிழாக்கிக் கொடுத்தது. முதலில் செய்தி வாசிப்பதுபோலத்தான் வாசித்தது. அந்தக் கருவிக்கு ஒரு நல்ல குணம், காதில் போட்டிருப்பவரின் ஊர்ப்பேச்சைச் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். பத்து நிமிடத்தில் லவாலி புதுக்கோட்டைக்காரராகிவிட்டார்.

“நல்லா வெட்டுதா அது?” என்று கேட்டார்.

“ரொம்ப நல்லா வெட்டுது அண்ணே. ஒங்க ஊர்லயும் ஒண்ணு இருக்காமே?”

“இருக்கு. மொத நாள் எனக்கும் சந்தோசமாத்தான் இருந்துச்சு, சின்னப்புள்ள மாதிரி பின்னாடியே சுத்துனேன். அதுக்கப்புறம் என்னை யாரும் கூப்புடல. முன்னெல்லாம் பருவம் வந்தா வாசல்ல ஆளு நிக்கும், லவாலி எங்க வயலுக்கு வா, எங்க வயலுக்கு வான்னு. இப்ப ஒம்போது நாட்டுல என் கை வேல செய்யுது. இந்தக் கை சும்மா கெடக்கு.” சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

மேரி வந்த காரியத்தைக் கேட்டாள். “அண்ணே, பதினோரு குழிக்கு ஒரு தடவ நிக்கிறீங்களே, அது எதுக்கு?”

லவாலி சட்டென்று பக்கத்தில் இருந்த பெண்ணைப் பார்த்தார். பிறகு வேறெங்கோ பார்த்தார். “முதுகுவலி. கொஞ்சம் நிமிந்துக்குவேன்.”

“பதினொண்ணா?” கடலை உரித்தவள் நிமிர்ந்தாள். “என் கூடை பதினோரு குழிக்குத்தான வரும்.”

அவள் லவாலியின் மனைவி ஸலமத்து. இருபத்தாறு வருஷமாக அவர் வெட்டிக்கொண்டே முன்னால் போக, பின்னாலேயே குழிக்கு ஒரு பிடி சாணம் போட்டு, விதை ஊன்றி, குதிகாலால் அழுத்திக்கொண்டு வந்தவள். மேரி அவளைப் பற்றிக் கேள்விப்பட்டதே இல்லை. திட்டத்தின் எந்தக் காகிதத்திலும் அப்படி ஒருத்தி இல்லை.

“சட்டை கொண்டாந்தாங்களே, எனக்கு எங்கன்னு கேட்டேன். வெட்டுற ஆளுக்கு மட்டும்தான்னாங்க. சரி, அது கெடக்கட்டும். நீங்க குழியில என்ன போடுறீங்க?”

“உரவில்லைக்கா. சாணத்துல இருக்குற சத்தெல்லாம் அதுல இருக்குன்னு…”

ஸலமத்து நெற்றியில் அடித்துக்கொண்டாள். “சத்துக்கு யாரு சாணம் போடுறா? சாணம் கறையானுக்குப் போடுறது! வாசம் புடிச்சுக் கறையான் வரும். கீழேருந்து மேல வரைக்கும் ஓட்டை ஓட்டையாத் தொளைக்கும். அந்த ஓட்டை வழியாத்தான் தண்ணி உள்ள எறங்கும். கறையான் வராத குழி சட்டி மாதிரிதான். சட்டியில எந்தப் பயிரு மொளைக்கும்?”

மேரி அதை அவசரமாகக் குறித்துக்கொண்டாள். ஒன்பது நாட்டு நிபுணர்கள் ஒரு வருஷமாகத் தேடிய பதில் அது.

“எல்லாத்தையும் இவருகிட்டக் கேட்டா இப்புடித்தான்” என்று ஸலமத்து கணவனைக் காட்டினாள். “முதுகுவலின்னு நிக்கிறாராம், நான் ஒரு நாளும் பாத்ததில்ல. இவருக்கு வெட்ட மட்டும்தான் தெரியும். கூடை காலியாகி நான் சாணம் அள்ளக் குப்பமேட்டுக்குத் திரும்புனா, வந்து சேர்ற வரைக்கும் ஒரு நிமிசம் நிக்க மாட்டாரு. வந்து பாத்தா குனிஞ்சு வெட்டிக்கிட்டுதான் இருப்பாரு. இவரப் புடிக்க ஓடி ஓடியே என் காலு தேஞ்சுபோச்சு.”

லவாலி ஒரு கடலையை எடுத்து உரிக்கத் தொடங்கினார். மேரியின் முன்னால் மேசையில், எந்திரம் நின்ற நேரங்களின் வரிசை கிடந்தது. ஓரத்தை விட்டு விலக விலகக் கூடும் நேரம். குப்பைமேடு எந்தப் பக்கம் இருந்தது என்று அவள் கேட்கவில்லை. திரையில் லவாலியின் முகத்தைப் பார்த்துவிட்டு, அந்தக் காகிதத்தைக் கவிழ்த்து வைத்தாள்.

மறுநாள் செய்தியைக் கேட்ட முத்துக்கண்ணு துள்ளிக் குதித்தாள். “கறையானுக்கு நாமளே விருந்து வைக்கிறதா? கூரையத் தின்னு, கதவத் தின்னு, இப்ப வயலுக்கும் வெத்தலபாக்கு வச்சுக் கூப்புடணுமாக்கும்!”

“காஞ்ச சாணம் இருக்குற வரைக்கும் பச்சப் பயிருக்கு வராதாம்க்கா. ஒங்க மூணு ஏக்கர்ல மட்டும் போட்டுப் பாப்போம்.”

திட்டிக்கொண்டேதான் அவள் பட்டியிலிருந்து ஆட்டுப்புழுக்கையை அள்ளி வந்தாள். மேரி சொன்னபடி வயலின் இடது ஓரத்தில் குவித்தாள். மாப்பிள்ளை வெட்டிக்கொண்டு முன்னால் போக, கூடையும் கையுமாகப் பின்னால் நடந்தாள். பதினோராவது குழியோடு அவள் கூடையும் காலியானது. அவள் குவியலுக்குப் போய் அள்ளித் திரும்பும்வரை மாப்பிள்ளை நின்றது. திரும்பியதும் குனிந்து வெட்டத் தொடங்கியது. “அட, கணக்கு ஒத்துப்போச்சே!” என்று அவள் கூவியது அடுத்த வயலுக்குக் கேட்டது. ஒரு வாரத்தில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் முறை போட்டுக்கொண்டு வர ஆரம்பித்தார்கள்.

ஆனி முடிந்து, கெடுவும் தாண்டியது. கத்தரீனா திரையில் வந்தார்.

“மென்பொருள் இன்னும் ஏற்றவில்லையே, மேரி?”

“ஏத்தினா நிக்காது மேடம். நிக்கலைன்னா பின்னால வர்றவங்களால எட்டிப் புடிக்க முடியாது.”

“பின்னால் ஆள் நடப்பதென்பது நம் திட்டத்திலேயே இல்லையே.”

“ஆரம்பத்துலேருந்தே இருந்திருக்கு மேடம். நாமதான் பாக்கல.”

கத்தரீனா பெருமூச்சு விட்டார். அவருக்கு மேலேயும் ஆட்கள் இருந்தார்கள். மழைப்பருவம் முடிவதற்குள் விளைச்சல் தெரியாவிட்டால் மேரியின் ஒப்பந்தத்தை நீட்டிக்க முடியாது என்று எழுத்திலேயே வந்துவிட்டது. அந்தக் கடிதத்தை மேரி வீட்டில் யாரிடமும் காட்டவில்லை. முத்துக்கண்ணுவிடம் மட்டும் சொன்னாள்.

“வேல போனா போவுது, எங்கூட ஆடு மேய்க்க வா. அறுபது ஆட்ட ஒத்த ஆளா என்னாலயும் ஓட்ட முடியல” என்றாள் அவள். ஆறுதல் சொல்கிறாளா, நிஜமாகவே ஆள் தேடுகிறாளா என்று மேரிக்குப் புரியவில்லை.

ஆவணிக் கடைசியில் மழை இறங்கியது. விடிந்ததும் மேரி பொட்டலுக்கு ஓடினாள். அவளுக்கு முன்பே அங்கே ஊர் கூடியிருந்தது. முத்துக்கண்ணு ஒரு குழி முன்னால் மண்டியிட்டிருந்தாள். ராத்திரி நிரம்பியிருந்த குழியில் தண்ணீரே இல்லை. முழங்கை வரை கையை விட்டு ஈரமண்ணை அள்ளிக் காட்டினாள். அதில் ஊசி ஊசியாகத் துளைகள்.

“குடிச்சிருச்சுடி மேரி,” என்றாள். “மண்ணு குடிச்சிருச்சு.”

தை பிறந்தபோது சோளம் ஆளை மறைத்து நின்றது. சூரியத்தகடுப் பேச்சு ஊரில் எழவில்லை. கத்தரீனா நேரில் வந்தார். தனியாக வரவில்லை, நைஜரிலிருந்து லவாலியையும் ஸலமத்துவையும் அழைத்துக்கொண்டு வந்தார். கையில் ஒரு பெட்டியும் இருந்தது; பேச்சைத் தமிழாக்க ஊர்க்காரர்களுக்கும் காதுக்கருவி கொடுத்தார்கள்.

லவாலி வந்த அன்றே செருப்பைக் கழற்றிவிட்டுப் பொட்டலில் நடந்தார். மேற்குக் கோடியில் நின்று காலால் சரிவை அளந்து பார்த்து, “இங்க வரிசையக் கொஞ்சம் திருப்பணும். இது எங்க ஊரு மண்ணு இல்ல, எந்திரத்துக்கு இது தெரியாது” என்று சொல்லிவிட்டு, ஒரு மண்வெட்டி வாங்கித் தானே வெட்ட ஆரம்பித்தார். ஊர் ஆண்கள் அவரைச் சுற்றி நின்றுகொண்டார்கள். எங்கள் வயலையும் வந்து பாருங்கள் என்று மூன்று பேர் அப்போதே கேட்டுவிட்டார்கள். வெகுநாளைக்குப் பிறகு அவர் உள்ளங்கை கொப்பளித்தது. அதை எல்லோரிடமும் காட்டிக்கொண்டு திரிந்தார்.

ஸலமத்து எந்திரத்தைத் திரும்பியும் பார்க்கவில்லை. அவளுக்குக் குழிகள்தான் முக்கியம். ஒவ்வொன்றாகக் குனிந்து கைவிட்டுப் பார்த்து, “இதுல புழுக்கை ஜாஸ்தி… இது பரவால்ல… இது யாரு போட்டது? தங்கமான கை” என்று சொல்லிக்கொண்டே போனாள். தங்கமான கை முத்துக்கண்ணுவுடையது. அதற்குப் பிறகு அவர்கள் இருவரையும் பிரிக்க முடியவில்லை.

மறுநாள் காலையில், மிச்சமிருந்த நிலத்தில் மாப்பிள்ளையை ஓடவிட்டார்கள். முத்துக்கண்ணு தன் கூடையை ஸலமத்துவின் இடுப்பில் வைத்தாள். ஸலமத்து தலை குனிந்து, எந்திரத்தின் பின்னால் குழி குழியாகப் போட்டுக்கொண்டே நடந்தாள். கூடை காலியானதும் வழக்கம்போல விருட்டென்று திரும்பி, கீழே முள் பார்த்து நடந்து, குவியலுக்கு வந்து அள்ளினாள்.

குவியலருகே முத்துக்கண்ணு நின்றிருந்தாள். “அக்கா, இந்த மாப்பிள்ளகிட்ட எனக்கு ஒரு சங்கடம்,” என்றாள். “நான் இங்க வந்து அள்ளுற வரைக்கும் என்னையவேதான் பாத்துக்கிட்டு நிக்குது. எந்திரம்னு தெரியும், இருந்தாலும் வெக்கமா இருக்கு.”

ஸலமத்து அள்ளியதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

நூறு அடி தூரத்தில் எந்திரம் மண்வெட்டியை ஊன்றி, இரண்டு கையையும் அதன்மேல் வைத்து நின்றது. இடது தோள் கொஞ்சம் தாழ்ந்திருந்தது. முகம் என்று அதற்கு எதுவும் கிடையாது. ஆனாலும் அது பார்த்தது அவளைத்தான் என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. அவள் கூடையை இடுப்பில் வைத்தபடி அப்படியே நின்றாள். ஒரு நிமிடம். ஒன்றரை நிமிடம். அவள் திரும்பி வந்து சேரக்கூடிய நேரம் ஆனதும், எந்திரம் அவசரமாகக் குனிந்து அடுத்த குழியை வெட்டத் தொடங்கியது.

வரப்பில் லவாலி கால் கட்டைவிரலால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார். ஸலமத்து அவர் எதிரில் போய் நின்றாள்.

“இதுதான் முதுகுவலியா?”

“ஊர்ல நாலு பேரு பாப்பாங்கல்ல?” என்று அவர் முனகினார். “பொண்டாட்டியவே பாத்துக்கிட்டு நிக்கிறான்னு சிரிப்பாங்க. குப்பமேட்டுப் பக்கம் ஒரு தடவ விரியன் கெடந்துச்சு. அதுலேருந்து நீ போயி வர்ற வரைக்கும் எனக்கு வேல ஓடாது.”

“இருபத்தாறு வருசமா, நிக்காமப் போறியே நிக்காமப் போறியேன்னு ஒன்னத் திட்டியிருக்கேன்.”

“ஆமா.”

“ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?”

லவாலி யோசித்தார். “நீ திட்டுறதும் கேக்க நல்லாத்தான் இருந்துச்சு.”

ஸலமத்து முக்காட்டின் நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கூடையை அவர் கையில் திணித்துவிட்டு நேரே கத்தரீனாவிடம் போனாள். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். நுண்ணிழைச் சட்டை, இந்தமுறை அவள் அளவுக்குத் தைத்தது. இன்னொரு எந்திரம் வேண்டாம், எங்கள் கை இருக்கிறது என்று செம்பராம்பட்டிப் பெண்கள் சொல்லிவிட்டார்கள். ஆனால் ஆடுமாடு மட்டும் திரியும், ஆளெல்லாம் விட்டுப்போன வறண்ட நிலங்கள் உலகத்தில் எத்தனையோ கிடந்தன. அங்கே மாப்பிள்ளையின் பின்னால் நடக்க யாரும் இல்லை.

அவள் சட்டையை விரித்து, துணியை விரலால் தேய்த்துப் பார்த்தாள். “போட்டுக்கிறேன். ரெண்டு பருவமும் போட்டுக்கிறேன். ஆனா பழைய மாதிரி வேல செய்ய மாட்டேன். அதுக்குச் சம்மதமா?”

“எப்படிச் செய்வீர்கள்?” என்று கேட்டார் கத்தரீனா.

“அது என் இஷ்டம். என்ன செஞ்சாலும் அப்புடியே எடுத்துக்கணும், பதிவுலேருந்து எதையும் நீக்கக் கூடாது. என் பேரும் அதுல இருக்கணும்.”

கத்தரீனா மேரியைப் பார்த்தார். மேரி தலையசைத்தாள். அந்தச் சம்மதம் அங்கேயே எழுதிக் கையெழுத்தானது.

பிறகு மூன்று வருஷம் போனது. கத்தரீனா ஓய்வுபெற்றுப் போனார். மேரி இப்போது செம்பராம்பட்டியோடு சேர்த்து நான்கு ஊர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் தலைமை அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பொறியாளர் ஒருவரிடமிருந்து அவளுக்குக் கடிதம் வந்தது. ஆளில்லாத நிலங்களுக்கு அனுப்பிய, ஒன்று குழி வெட்ட, மற்றது பின்னால் சாணம் போடும் எந்திர ஜோடிகள் நன்றாக வேலை செய்கின்றன, மண்ணில் ஈரம் கூடியிருக்கிறது என்று எழுதிவிட்டு, கடைசியில் இப்படிக் கேட்டிருந்தார்:

“இரண்டாவது எந்திரத்தில் ஒரு தாமதக் கோளாறு தெரிகிறது. கூடையை நிரப்பியதும் உடனே கிளம்பாமல், நிமிர்ந்து முதல் எந்திரத்தின் பக்கம் பார்த்து நிற்கிறது. அந்த நேரம் முதல் எந்திரமும் நிற்கிறது. ஒவ்வொரு முறையும் நாற்பது விநாடி வீணாகிறது. பழைய ஆவணங்களில் காரணம் எதுவும் இல்லை. நீங்கள் தொடக்கத்திலிருந்து இருப்பவர் என்றார்கள். இதை எப்படிச் சரிசெய்வது?”

மேரி கடிதத்தை முத்துக்கண்ணுவுக்குப் படித்துக் காட்டினாள். அவள் சிரித்து ஓயும்வரை காத்திருந்துவிட்டு, பதிலைத் தட்டினாள்.

“கோளாறு எதுவும் இல்லை. அவர்கள் கணவன் மனைவி.”